ஜெபத்தில் ஒரு திருத்தம்

கிழக்குத் தாம்பரம்
ஆகஸ்டு 1973

அன்புள்ள மச்சான்,

உன் தந்தி கிடைத்தது. உன் அக்காவுக்கு மூன்றாவது ஆபரேஷன் கிடையாது. செய்தாலும் குணமாகாது, இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும் என்றுதான் டாக்டர் சொன்னார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வலிக்கு மட்டும் நர்ஸ் வந்து ஊசி போடுகிறாள். ஆஸ்பத்திரியில் மின்சார ரயில் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். இங்கே நன்றாகத் தூங்குகிறாள்.

உயிர் கர்த்தர் கையில் என்று தந்தியில் சொல்லியிருந்தாய். அவளும் அதையேதான் சொல்கிறாள். இரண்டு முறை சர்ஜன் கையில் கொடுத்துப் பார்த்தாயிற்று, இனி உரியவரிடமே விடலாமாம்.

போதகர் வந்து, சிகிச்சையை மறுப்பது பாவமில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பரலோகம் எவ்வளவு நல்ல இடம்னு இருபது வருஷமா பிரசங்கம் பண்றீங்க ஐயா. ஒருத்தி கிளம்பினா ஏன் இப்படிப் பதறுறீங்க?" என்றாள்.

அவர் காப்பியை முழுவதும் குடித்து முடித்தார். பிறகு, சபையார் இனி அவளுடைய சுகத்துக்காக அல்ல, சமாதானத்துக்காக ஜெபிப்பார்கள் என்று ஒத்துக்கொண்டார்.

நேற்று மாலை எல்லோரும் அப்படியே ஜெபித்தார்கள். என் முறை வந்ததும் நான் மட்டும், "இவளைச் சுகமாக்கும், ஆண்டவரே" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு கண்ணைத் திறந்து, "நீங்க யார் பக்கம்?" என்றாள்.

உடனே புறப்பட்டு வா. அவளோடு வாதாட அல்ல. அதில் நம் இருவருக்கும் தோல்விதான். என் முறை வரும்போது எனக்குப் பதிலாக நீ ஜெபிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்