பேட்டரி இல்லாமல் ஓடிய டேப்

1996, மார்கழி 12, வெள்ளி

போர்வெல் போடும் லாரியோடு ஆடியில் ஒரிசாவுக்குப் போன என் வீட்டுக்காரர் பேசி அனுப்பிய கேசட் நாலு நாளாகச் சும்மா கிடந்தது. வீட்டில் இருப்பது லாரியிலிருந்து கழற்றிய பழைய டேப். அது லாரி பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது.

சாயங்காலம் மோட்டார் ரீவைண்டிங் கடை அண்ணன், வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றும் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்.

"ஏனுங்ணா, பேட்டரி இல்லாம ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க அம்மணி. கொஞ்சம் இரையும். பேட்டரி ஒண்ணையும் சேத்துப் போட்டா இரைச்சல் அடங்கீரும், கரண்ட் போனாலும் நிக்காது."

ஒரு கேசட்டுக்கு எதற்குப் பேட்டரி என்று சொல்லிவிட்டேன். என் புத்தி அப்படி.

அண்ணன் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் போட்டேன். ஒரே இரைச்சல், அதற்குள்ளே அவர் குரல். தோட்டங்களில் மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்கி, குரல் கனத்து இழுத்தது. களைத்துப்போய்ப் பேசுகிற மாதிரியே இருந்தது. என் இருமலைக் கேட்டார். எருமை கன்று போட்டதா என்று கேட்டார். அப்புறம், "கண்ணு, இந்தப் பொங்கலுக்கு நானு..." என்றார். கரண்ட் போய்விட்டது.

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்துவிட்டது. டேப் பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போன வருசம் அவர் போட்ட கடிதமும் 'இந்தப் பொங்கலுக்கு' என்றுதான் ஆரம்பித்தது. அந்தப் பொங்கலுக்கு அவர் வரவில்லை.

பொத்தானை இன்னும் அமுக்கவில்லை.