பத்து லட்சத்து ஒன்று

மே 13, செவ்வாய்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் இன்று சண்டை. 10,00,001 பகா எண்ணா என்பது கேள்வி. ஆம் என்கிறது விடைக்குறிப்பு. தயாரித்தவர் 97 வரை வகுத்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஒரு பிள்ளை மட்டும் அடுத்த பகா எண்ணையும் போட்டுப் பார்த்து, 101 × 9901 என்று எழுதியிருந்தது. ஐந்து மதிப்பெண் போட்டேன். அது இல்லையென்றால் அந்தப் பிள்ளை ஃபெயில்.

தலைமைத் திருத்துநர் தாளைத் தள்ளினார். "கீயில இருக்கறதுக்குத்தான் மார்க், மேடம். நூத்தியொண்ணெல்லாம் மொய் எழுதத்தான் ஆவும்."

"பெருக்கிப் பாருங்க சார்."

"முட்டை போடுங்க."

"நீங்களே அடிச்சிட்டு உங்க கையெழுத்தப் போடுங்க."

அவர் பெருக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. நாளை வரவேண்டாம் என்றார். போவேன். இந்தத் தாள் வரும்வரை குறிப்பை நம்பி நானே முழு மதிப்பெண் போட்ட ஒரு கட்டு அங்கே இருக்கிறது.