பூஞ்சையிடம் கேட்டது

ஜனவரி 21
ரோத்தக்கில் மூடுபனி. பேருந்து ஊர்ந்துதான் வந்தது. ஆய்வகத்தில் பப்லி டாங்கியின் தோல் செதிலிலிருந்து வளர்த்த பூஞ்சை, தட்டில் வெள்ளை மாவாகப் பூத்திருக்கிறது. அவள் பத்தொன்பது வயது மல்யுத்தக்காரி. இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை. இரண்டு மாதம் டெர்பினாஃபின் விழுங்கியும் போகவில்லை. ஏப்ரல் கடைசியில் மாநில அணித் தேர்வு. எடை பார்க்கும்போதே தோலையும் பார்ப்பார்கள். தடிப்பு இருந்தால் பாயில் கால் வைக்க முடியாது.

செதில் எடுக்க வந்த அன்று பயிற்சியாளர் ஜகதீப் என் எதிரிலேயே சொன்னார்: "மாத்திரைய எங்க மேடம் போட்டா? சாக்கடைல போட்டிருப்பா. பொய் மட்டும் நல்லா வரும்."

"தினமும் போட்டேன் குருஜி" என்றாள், தலை நிமிராமல்.

யார் சொல்வது நிஜம்? பூஞ்சையையே கேட்டுவிடுவோம்.

ஜனவரி 22
தொண்ணூற்றாறு குழித் தட்டு. குழிக்குக் குழி மருந்து பாதியாகக் குறையும். மேலே டெர்பினாஃபின், கீழே இட்ராகோனசோல் என்ற மாற்று மருந்து. குணம் தெரிந்த பழைய பூஞ்சை ஒன்றும் சாட்சிக்கு. வித்துகளை எண்ணி எண்ணிக் கண் பூத்துவிட்டது.

ஜனவரி 24
பூஞ்சை வளர நாலைந்து நாளாகும், இன்றைக்குத் தட்டைப் பார்க்கக் கூடாது. பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஜனவரி 27
டெர்பினாஃபின் வரிசை முழுக்கக் கலங்கல், பூஞ்சை வளர்ந்திருக்கிறது — மருந்து அதிகமாக உள்ள குழியிலும்! தட்டைத் திருப்பி வைத்து ஊற்றித் தொலைத்தேனா? ஆனால் சாட்சிப் பூஞ்சை துளி மருந்திலேயே அடங்கிக் கிடக்கிறதே. மறுபடி செய்ய வேண்டும்.

பிப்ரவரி 1
மறுபடியும் அதேதான். டெர்பினாஃபின் அதற்குத் தண்ணீர் மாதிரி. இட்ராகோனசோல் கொஞ்சம் பட்டாலே வளரவில்லை. டாக்டர் மருந்தை இட்ராகோனசோலுக்கு மாற்றிவிட்டார்.

ஜகதீப் போனில் கேட்டார்: "அப்ப அவ மாத்திரை போட்டிருக்கானு அர்த்தமா?"

கறாராகப் பார்த்தால் இல்லை. விழுங்கினாலும் விழுங்காவிட்டாலும் இந்தப் பூஞ்சைக்கு ஒன்றுதான். ஆனால் அவளைத் திட்ட இனிக் காரணம் இல்லை. அதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

மார்ச் 1
நாலு வாரமாகியும் பப்லிக்குக் குறையவில்லை. தட்டில் அடங்குகிறது, தோலில் அடங்கவில்லை. ஏன்?

மார்ச் 3
பப்லியை வரச்சொன்னேன்.

"எப்பம்மா போடுற?"

"காலைல அஞ்சு மணிக்கு, ஓடறதுக்கு முன்னாடி."

"என்ன சாப்பிட்டுட்டு?"

"சாப்பிடறதா? நான் அம்பத்திமூணு கிலோ பிரிவு மேடம். எடை குறைக்கணும். வெந்நீர்தான். வயிறு எரிஞ்சா அதுக்கொரு மாத்திரை."

தலையில் அடித்துக்கொண்டேன். இந்தக் கேப்ஸ்யூல் சாப்பாட்டோடு போனால்தான் உடம்பில் சேரும். பட்டினி வயிறு, போதாததற்கு அமிலத்தை அடக்கும் மாத்திரை! மருந்து ஒட்டாமலே வெளியே போயிருக்கும். இத்தனை குழிகளைப் பார்த்தவளுக்கு அவள் வயிற்றைக் கேட்கத் தோன்றவில்லையே. வெட்கமாக இருக்கிறது.

"சாப்பிட்டா எடை ஏறிடும் மேடம்."

"அம்பத்தேழுல ஆடு."

"அங்க ரஜ்னி இருக்கா. என்னைத் தூக்கிப் பந்தாடிடுவா."

"பாய்க்கு வெளிய நின்னு தோக்கறதுக்கு உள்ள போய்த் தோத்துட்டு வாயேன்."

முறைத்தாள். பிறகு சிரித்தாள்.

மார்ச் 9
பப்லி போன் செய்தாள். "எரிச்சல் மாத்திரைய டாக்டர் நிறுத்திட்டார். அம்பத்தேழுக்குக் குருஜியும் சரின்னுட்டார். இன்னைக்கு நெய் தடவி நாலு பராத்தா மேடம்!" பட்டினி போனதும் எரிச்சலும் போய்விட்டதாம்.

ஏப்ரல் 15
அரிப்பு இல்லை. தழும்பு மட்டும் பழுப்பாக. செதிலில் ஓர் இழைகூடத் தென்படவில்லை. நுண்ணோக்கியை விட்டு எழ மனமில்லாமல் மூன்று முறை பார்த்தேன்.

ஏப்ரல் 28
ஜகதீப் லட்டோடு வந்தார். தோல் சோதனையில் பப்லி தேறிவிட்டாளாம். ரஜ்னியிடம் தோற்றாள், ஆனால் ஒரே புள்ளி வித்தியாசத்தில். மாற்று வீராங்கனையாக அணியில் பெயர் வந்துவிட்டது.

லட்டு கொடுத்தும் மனிதர் கிளம்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கினார். கையகலத்துக்குச் சிவந்த வளையம்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம். அதே டெர்பினாஃபின்தான். யார்ட்டயும் சொல்லாதீங்க." பிறகு, நான் கேட்காமலே, "சத்தியமா தினமும் போட்டேன் மேடம்."

நம்பினேன். செதில் எடுக்கக் கத்தியைத் துடைத்தேன்.