வெறும் துணி வைத்த தட்டு

இன்று காலை அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கும்போது விரலை ஆழமாக வெட்டிக்கொண்டேன். தெருமுனை கிளினிக்கில் இரண்டு தையல் போட்டார்கள். நர்ஸ் பெண் புது பேண்டேஜ் ரோலைப் பிரித்துச் சுற்றப் போனாள். "செத்த இரும்மா" என்று அதை வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். "என்ன மேடம், மல்லியப்பூவா? இப்புடி மோந்து பாக்கீக?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். ப்ளீச்சிங் வாடை இல்லை, சோடா வாடையும் இல்லை. நன்றாக அலசிக் காயவைத்த பருத்தித் துணி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சரி, கட்டு என்று விரலை நீட்டினேன்.

முந்தாநாள், நீ இறந்த நாற்பதாம் நாள் ஓதுகிற ஃபாத்திஹாவுக்கு உன் அண்ணன் கூப்பிட்டிருந்தார். போய்விட்டு வந்ததிலிருந்து கை ஒரு வேலையில் நிற்கவில்லை. விரல் வெட்டுப்பட்டதும் அதனால்தான். அண்ணன் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அதைக் கேட்ட பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. அது என்ன என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலிலிருந்து வந்தால்தான் எனக்கே தைரியம் வரும்.

எண்பதுகள் முடியப்போகிற சமயம் அது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு இராஜபாளையம் கல்லூரிக்கு வருவேன். நீ வீட்டிலிருந்து நடந்தே வந்து, எனக்கு முன்னால் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்திருப்பாய். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரே கைடு, ஒரே மேஜை, ஒரே வேலை. இருக்கிற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளை அடக்க வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடுவது. மண்ணில் தேடுவது என் பங்கு. விதையில் தேடுவது உன் பங்கு.

ஒரு சிட்டிகை மண்ணில் எண்ண முடியாத கிருமிகள் இருக்கின்றன. அவற்றில் சில, பக்கத்து வீட்டுக்காரனை வளரவிடாமல் எதையோ சுரக்கின்றன. அந்தச் சண்டைக்காரனைப் பிடித்தால் நமக்கு மருந்து. அதற்காக நான் மண் சுமந்தேன். அய்யனார் கோவில் ஓடைக்கரை மண், வன்னியம்பட்டி பருத்திக்காட்டு மண், எங்கள் அப்பா கோயிலுக்குத் துளசி பறிக்கும் நந்தவனத்து மண் என்று எல்லாவற்றையும் டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். ஒருநாள் கேரியர் சாய்ந்து கண்டக்டர் காலில் கொட்டிவிட்டது. "என்னம்மா, சோத்துக்குப் பதிலா மண்ணத் திங்கீகளா?" என்று அவர் கேட்டதை உன்னிடம் சொல்லியிருக்கவே கூடாது. அன்று முதல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "ஏட்டி, இன்னைக்கு என்ன, செம்மண்ணா, கரிசலா?" என்று கேட்காமல் நீ உன் டப்பாவைத் திறந்ததில்லை.

என் மண் என்னை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. ஏதாவது கிடைத்தால் அது முப்பது வருஷத்துக்கு முன்பே யாரோ கண்டுபிடித்ததாக இருக்கும். உனக்கோ கழற்சிக்கொட்டை கிடைத்தது. கல் மாதிரி இருக்கும் அந்தச் சாம்பல் நிற விதையை உடைக்கப் போய் ஆய்வுக்கூடத்து மிக்ஸியின் பிளேடு முறிந்தது. பிறகு உங்கள் வீட்டு உரலில் போட்டு இடித்துக்கொண்டு வந்தாய். அதன் சாற்றைத் தொட்டு வைத்த இடத்தைச் சுற்றி, சீழ் பிடிக்க வைக்கும் கிருமி வளரவே இல்லை. கிருமி வளர்ந்து பாலாடை படர்ந்த மாதிரி இருந்த கண்ணாடித் தட்டின் நடுவில் கண்ணாடி போல ஒரு வட்டம். நீ அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாய்.

"அம்மா காலுக்கு ஆகுமாட்டி?" என்றுதான் முதலில் கேட்டாய்.

உன் அம்மாவுக்குச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறு மாதமாக ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நீ பட்டத்துக்காகத் தேடவில்லை, அந்த விரலுக்காகத் தேடினாய். எனக்கு அது தெரியும். தெரிந்தும் செய்ததைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

சாற்றில் நனைத்து வைக்க நாம் வடிதாளைத்தான், அதாவது ஃபில்டர் பேப்பரைத்தான், வட்டமாக வெட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கோடையில் வடிதாள் தீர்ந்துபோனது. மதுரையிலிருந்து வர வேண்டியது வரவில்லை. நீதான், "எதுக்குக் காத்துக் கெடக்கணும்? எங்க அண்ணன் யூனிட்ல துணி மலையாக் குமிஞ்சு கெடக்கு" என்றாய். உன் அண்ணன் காயத்துக்குக் கட்டும் துணியை வெளுத்து, சுருட்டி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். அதில் ஒரு ரோலைக் கொண்டுவந்து சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, குக்கர் ஆவியில் வேகவைத்து எடுத்துக்கொண்டோம். கழற்சி வட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

வடிதாள் காலத்தில் ஒவ்வொரு முறையும் சாறு தொடாத வெறும் தாளையும் ஒரு தட்டில் வைத்துப் பார்ப்போம். துணிக்கு மாறியபோது வெறும் துணியை வைத்துப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் தோன்றியிருக்கும். இராஜபாளையத்தில் யார் பேண்டேஜ் துணியைச் சந்தேகப்படுவார்கள்? வீட்டுக்கு வீடு அதில்தான் சோறு.

அந்த வருஷம் நோன்பு கோடையில் வந்தது. சாற்றை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயை, பிப்பெட்டை, வாயால் உறிஞ்சுகிற காலம் அது. நோன்போடு அதை வாயில் வைக்க மாட்டாய் என்பதால் உறிஞ்சுகிற வேலை முழுக்க என்னிடம் வந்தது. "ஒரு மாசம் நீ எனக்கும் சேத்து உறிஞ்சு, பெருநாளைக்கு பிரியாணி போட்டு ஈடுகட்டிருதேன்" என்றாய். நீ சீக்கிரம் வீட்டுக்குப் போன ஒரு சாயங்காலம், கிருமி தடவிய தட்டு ஒன்று மிஞ்சியது. வீணாக்க மனசில்லாமல் அதில் வெறும் துணியை வைத்து, மூடியில் 'வெறும் துணி' என்று எழுதி, தேதிச் சீட்டு ஒட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பெரிய யோசனை எதுவும் இல்லை.

மறுநாள் உனக்கு முன்னால் வந்துவிட்டேன். தட்டின் நடுவில் வட்டம் இருந்தது. கழற்சிச் சாறு போட்டதற்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை. அதே ரோலில் ஒரு துண்டை நனைத்து லிட்மஸ் தாளில் வைத்தேன். சிவப்புத் தாள் நீலமாகிவிட்டது. தண்ணீர்ப் பஞ்சத்தில் அந்த ரோலைச் சரியாக அலசாமல் விட்டிருக்கிறார்கள். வெளுக்கும்போது போட்டு, துணியில் நின்றுபோன காஸ்டிக் சோடாதான் கிருமியைக் கொன்றிருக்கிறது. உன் விதை ஒன்றும் செய்யவில்லை.

உன் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது. தட்டை, கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் அடி அடுக்கில், பின்பக்கமாகத் தள்ளினேன்.

எட்டு நாளில் செமினார். வெளியூர்ப் பேராசிரியர்கள் வருகிறார்கள், கழற்சியைத்தான் காட்டப் போகிறோம் என்று கைடு சொல்லிவிட்டார். இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன். செமினார் முடியட்டும் என்று நினைத்தேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்றும் நினைத்தேன். இதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருந்தது வேறு. செமினாரில் படிக்கப்போகிற கட்டுரையில் உன் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருந்தது. என் மண்ணில் எதுவும் கிடைக்காத நிலையில் எனக்கென்று இருந்த ஒரே வட்டம் அதுதான்.

செமினார் அன்று பஸ் தாமதமாகி ஓட்டமும் நடையுமாக நான் வந்தபோது நீ மேடை ஏறியிருந்தாய். நோன்பு வாய் உலர்ந்து உன் குரல் கம்மியிருந்தது. கையில் ஒரு தட்டு. இதில் விதைச்சாறு கிடையாது, வெறும் துணிதான், எங்கள் அண்ணன் பட்டறைத் துணி, வட்டம் இதற்கும் வந்திருக்கிறது, ஆகவே நாங்கள் இதுவரை சொன்னது எதுவும் செல்லாது என்று நிதானமாகச் சொன்னாய். கைடின் முகம் செத்துப்போனது. நீ நிறுத்தவில்லை. "இந்தத் தட்டை வைத்துப் பார்த்தது என் தோழி. அவள் வைத்திருக்காவிட்டால் இன்றைக்கு எல்லோரும் ஏமாந்திருப்போம்" என்று என்னைக் கைகாட்டினாய். வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்தப் பெண்ணின் நேர்மை வேண்டும் என்று என்னைப் பார்த்துக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பூமி பிளக்காதா என்று நின்றேன்.

உன் கையில் இருந்த தட்டின் மூடியைப் பார்த்தேன். 'வெறும் துணி' என்று என் கையெழுத்து. எட்டு நாளைக்கு முன்னால் நான் ஒட்டிய தேதிச் சீட்டைக் காணோம்.

சாயங்காலம் என்னை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாய். பாங்கு சத்தம் கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துப் பிய்த்து, பாதியை என் உள்ளங்கையில் வைத்தாய். அதோடு ஒட்டிக்கொண்டு அந்தத் தேதிச் சீட்டும் வந்தது. உன் பாதியை மென்று, தண்ணீர் குடித்து, முக்காட்டு முனையால் வாயைத் துடைத்துக்கொண்டாய். பிறகுதான் கேட்டாய்.

"எட்டு நாளு எப்புடிட்டி தூங்கின?"

அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உடம்புக்கு முடியாதவளை விசாரிக்கிற மாதிரி கேட்டாய்.

"தூங்கலட்டி" என்றேன்.

"அம்புட்டுதானே. போ, பஸ் வருது."

அதன் பிறகு நீ அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அன்றே அண்ணனிடம் சண்டை போட்டு, அந்தச் சரக்கு முழுவதையும் மறுபடி அலச வைத்தாய். வடிதாள் வந்ததும் கழற்சியை முதலிலிருந்து செய்து பார்த்தாய். ஒன்றும் தேறவில்லை. மறுமாதம் உன் அம்மாவின் விரலை எடுத்தார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, கட்டு போட்ட காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மண்ணு மகாராணி வந்துட்டா பாரும்மா" என்று அவர்களைச் சிரிக்க வைத்தாய்.

தொண்ணூறுகளில் நான் கல்லூரி வாத்தியார் ஆனேன். நீ பேண்டேஜ் துணியைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாய். புது மருந்து தேடியவள் இப்படித் துணியை நனைத்து லிட்மஸ் பார்க்கிறாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நீ ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. சரியாக அலசாத சரக்கு உன்னிடம் மாட்டினால் திரும்பிப் போகும். பட்டறைக்காரர்கள் உன்னைத் திட்டித் தீர்த்தார்கள், முதலில் திட்டியவர் உன் அண்ணன். நானோ பிள்ளைகளிடம், "வெறும் துணி வச்சுப் பாத்தியா?" என்று கேட்டே பெயர் வாங்கினேன். நேர்மையான மேடம் என்று சொல்வார்கள். அது அன்றைக்கு மேடையில் நீ கொடுத்த பெயர். எனக்குச் சொந்தமில்லாத பெயர்.

இப்போது முந்தாநாளுக்கு வருகிறேன். சாப்பாடு முடிந்து, உன் அண்ணன் என்னிடம் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கொட்டைச் சாற எங்க அம்மா காலுக்குக் கட்டுனாளே, உங்ககிட்டச் சொல்லலையாக்கும்?"

இல்லை என்றேன்.

"செமினாருக்கு முந்தின மூணு நாளும் கட்டுனாம்மா. நம்ம யூனிட் துணியிலயே நனைச்சு. அம்மா எரியுது எரியுதுன்னு துடிச்சுப்போச்சு. இவ விடிய விடிய பக்கத்துல ஒக்காந்து விசிறிக்கிட்டே, மருந்து வேல செஞ்சா எரியத்தானம்மா செய்யும்னு சொல்லுதா. செமினார் அன்னைக்குக் காலையில காலேஜுக்குப் போனவ பாதியில ஓடிவந்து, அதை அவுத்து எறிஞ்சு, குடங்குடமாத் தண்ணி ஊத்திக் கழுவிட்டு, திரும்பி ஓடுனா. என்ன ஏதுன்னு சொல்லல. வெரல எடுத்தது சுகராலதான், துணியால இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாக. ஆனா இவ மனசு ஆறலம்மா. அதுக்குப் பொறவுதான் துணி துணின்னு பைத்தியமாத் திரிஞ்சா."

அவருக்கு என் தட்டைப் பற்றித் தெரியாது. நீ சொல்லியிருக்க மாட்டாய். எழுந்து போய்க் கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன். உன் பிரிவுக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் அண்ணி முதுகைத் தடவிக்கொடுத்தார்.

நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் அந்த மூன்று நாள் உன் அம்மாவுக்கு எரிந்திருக்காது. அது உனக்குத் தெரியும். அன்று காலை என் தட்டைக் கண்டதும் ஓடிப்போய் அவர்கள் காலைக் கழுவிவிட்டு வந்துதான் மேடையில் என் பெயரைச் சொன்னாய். அந்தக் கையால்தான் பழத்தைப் பிட்டுக் கொடுத்தாய். சொல்லியிருந்தால் நான் தாங்க மாட்டேன் என்று இத்தனை வருஷம் நீயே வைத்துக்கொண்டாய்.

உன் கேள்விக்கு நான் சொன்னது பொய்யடி. எட்டு நாளும் நன்றாகத் தூங்கினேன். பஸ்ஸில்கூடத் தூங்கினேன், ஒருநாள் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டு நடந்தே திரும்பி வந்தேன். தூங்காமல் விசிறிக்கொண்டிருந்தவள் நீ. எப்படித் தூங்கினாய் என்று நீ என்னைக் கேட்டாய். அதை உன்னிடம் திருப்பிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தேதிச் சீட்டு என் பர்ஸில்தான் இருக்கிறது. எழுத்து அழிந்து வெறும் தாளாகிவிட்டது. பேரீச்சம்பழக் கறை மட்டும் நிற்கிறது.

இன்று காலை நர்ஸ் பெண் கட்டி முடித்து, துணியின் முனையைச் செருகிவிட்டு, "எரியுதா மேடம்?" என்று கேட்டாள்.

எரியவில்லை என்றேன். இது நிஜம்.