சூரியன் வெடித்ததும் மரச்சீனி நனைந்ததும்

ஞாயிறு, இரவு.

காலையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். செயற்கைக்கோள் அனுப்பிய காமா கதிர்ப் பதிவைப் பார்த்த சந்தோஷத்தில், "அம்மா, சூரியன் என்னமா வெடிச்சிருக்கு!" என்று கத்திவிட்டேன். சூரியனை ஆராய்கிற மகளே சொல்லிவிட்டாள், வெயில் உறுதி என்று நம்பி, அவித்து அரிந்த மரச்சீனிக் கிழங்கு முழுவதையும் அம்மா மொட்டைமாடியில் காயப்போட்டாள். மதியம் மழை கொட்டியது.

"காமா கதிர் தரைக்கு வராதும்மா. மேலயே காத்து தடுத்துரும்."

"இஞ்ச வராத வெயிலுக்காக்கும் நீ சம்பளம் வாங்குதே, மக்கா?"

இதைத் தரையில் கிடந்து எழுதுகிறேன், வியர்வையோடு. விசிறிக்குக் கீழே என் கட்டிலில் மரச்சீனி காய்கிறது.

கதவருகே அம்மா. "நாளைக்கு வெயில் உண்டா?"

விளக்கை அணைத்துக் குறட்டை விடப் போகிறேன்.