அண்ணியின் தலையெழுத்து

அண்ணா,

"அன்புள்ள" என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

அண்ணியின் சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நீ சொன்னாய்: "எல்லாம் அவ தலையெழுத்து. நாம என்ன பண்ண முடியும்?" நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆய்வுக்கூடத்தில் மரபணுவின் எழுத்துகளைப் படிப்பதுதானே என் பிழைப்பு? படித்துவிட்டே பேசலாம் என்றிருந்தேன்.

அண்ணியின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைப் படித்துவிட்டேன். புகையிலை கெடுத்த உயிரணுவில் ஒரு மாதிரி எழுத்துப்பிழை விழும், வெயில் கெடுத்ததில் வேறு மாதிரி. அண்ணியின் கட்டியில் இருப்பது சாயப்பொடி போட்ட பிழை. அரசு தடைசெய்த பிறகும் மலிவு என்று நீ வாங்கி, உன் சாயப்பட்டறையின் ஜன்னல் இல்லாத அறையில் அண்ணியைக் கலக்கவைத்தாயே, அதே பொடி. அவர் கையுறை கேட்டதற்கு, "நம்ம பட்டறைதானே, உனக்கெதுக்குடி கிளவுஸ்?" என்று சிரித்தாயாமே.

அது தலையெழுத்து இல்லை அண்ணா. உன் கையெழுத்து.

நோயின் வேர் தெரிந்ததால் டாக்டர்கள் மருந்தை மாற்றினார்கள். கட்டி சுருங்குகிறது. நேற்று அண்ணி சுவரைப் பிடிக்காமல் என் சமையலறைவரை நடந்து வந்தார்.

"சாட்சிக் கூண்டுல ஏற எத்தனை படி இருக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டோ மூணோ இருக்கும்."

"அவ்வளவுதானா? ஏறிடுவேன்."

நல்ல வக்கீலாகப் பார்த்து வை.

இப்படிக்கு,
இனி அண்ணிக்கு மட்டும் தங்கை