மௌனமாக இருக்கும் இணைப்புகள்

நாள் 212, காலை 8.10
அஞ்சல் சர்வர் சீராக இயங்குகிறது. கீழே செவ்வாய்க் குடியிருப்பிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேர் இணைந்திருக்கிறார்கள். மூவாயிரம் வரை தாங்கும். அதற்கு மேல் விட்டால் நினைவகம் தீர்ந்து மொத்தமும் விழுந்துவிடும்; அதனால் மேலும் வருபவரைச் சர்வர் திருப்பிவிடும். இந்தச் சுற்றுப்பாதை நிலையத்தில் நான் ஒருவனே. காற்று வடிகட்டியில் லேசான இரைச்சல். இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாவது முறையும் பார்க்கலாம்.

காலை 9.40
கீழே நிலநடுக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் அஞ்சலைத் திறக்கிறார்கள். என் மகள் சுடர்க்கொடி எட்டாம் சுரங்கத்தில் பொறியாளர். அவளிடமிருந்து வானொலிச் செய்தி:
"அப்பா, பாதை இடிஞ்சிருச்சு. பத்துப் பேர் உள்ள இருக்கோம். ரேடியோ இதோட போயிடும். மெயில் லைன் மட்டும் திறந்திருக்கு, பேசாம காத்துட்டு இருக்கோம். அறுந்தா திரும்ப லாகின் பண்ண பேட்டரி தாங்காது. வெளிய வர வழி தெரிஞ்சா மெயில்ல அனுப்புங்க. எதையும் மூணு தடவ செக் பண்ணுவீங்களே, இன்னிக்கு ஒரு தடவ போதும்."

காலை 10.25
மூவாயிரம் இடமும் நிரம்பிவிட்டது. வானொலியில் குடியிருப்பின் தொடர்பு அதிகாரி வேதமுத்து:
"சார், சத்தமே இல்லாம கெடக்குற லைனையெல்லாம் வெட்டி விடுங்க. ரூல்லயே இருக்கு."
அந்த விதியை எழுதியதே நான். மௌனமான இணைப்புகள் அறுநூறு. திரையில் எல்லாம் வெறும் எண்கள். எது சுடருடையது? எது வேறொருவர் மகளுடையது? ஒன்றையும் வெட்டவில்லை. அதைச் சொல்லவும் துணிவு வரவில்லை.

காலை 10.50
இதே சர்வரில் இடம் பிடித்திருக்கும் நிலையத்தின் சொந்த இணைப்புகளை மூடுகிறேன். நூலகம். வானிலை. பிறகு காற்று எச்சரிக்கை. காற்று அளவியைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். விட்ட இடங்கள் நொடியில் நிரம்பின. நான் செய்வது சரியா, தெரியவில்லை.

காலை 11.30
தலை கனக்கிறது. அளவியைப் பார்த்தேன். இல்லை, பார்க்க நினைத்தேன்.
வேதமுத்து: "சார், எட்டாம் சுரங்கத்துக்கு வழி கெடச்சிருச்சு. மேப் அனுப்பணும். உங்க சர்வர் இடமில்லன்னு திருப்பி அடிக்குது. ஒரே ஒரு இடம் குடுங்க சார். நீங்க ஏன் மூச்சு வாங்குறீங்க?"

காலை 11.34
அளவி சிவப்பில். வடிகட்டி அறை தூரம். முதலில் இது.
மிச்சமிருப்பது ஒன்றுதான். இந்தக் குறிப்பும் இந்தத் திரையும் ஓடும் இணைப்பு. அதை வேதமுத்துவின் பெயருக்கு மாற்றுகிறேன்; மாறியதும் திரை அணைந்துவிடும். சுடர் படித்தாளா என்று பிறகு எனக்குத் தெரியாது. இதைக் கண்டெடுப்பவரே, அவளிடம் கேளுங்கள்.
இணைப்பு எண்ணைச் சரிபார்த்தேன். ஒரு தடவைதா